மலையகத்தில் முதல் டிஎஸ்எல்ஆர்: குறைந்த பணத்தில் நல்ல கமராவைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஹட்டன், தலவாக்கலை, பதுளைப் பக்கம் போனிலேயே அருமையாகப் படம் எடுக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கமரா வாங்கும் ஆசையை மட்டும் வருடக்கணக்காகத் தள்ளிப்போடுகிறார்கள். கடையில் புதுக் கமராவின் விலையைக் கேட்டதும் மனசு விட்டுப்போகிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் மலைகளில் முதல் கமராவாக, பாவித்த டிஎஸ்எல்ஆர் ஒன்று தாராளமாகப் போதும். டிஎஸ்எல்ஆர் என்பது உள்ளே ஒரு கண்ணாடி இருக்கும், லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய கமரா. பொடியில், அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கமராவில், மிச்சம் பிடிக்கும் பணத்தை இரண்டு விஷயங்களில் போடுங்கள். ஒன்று, வெளிச்சம் குறைந்த இடத்திலும் எடுக்கக்கூடிய ஒரு லென்ஸ். மற்றது, ஈரம் புகாத ஒரு பெட்டி. இங்கே மூடுபனியும் மழையும் இருட்டு அறைகளும்தான் படத்தையும் கமராவையும் கெடுக்கின்றன. பழைய மாதிரி என்பதால் கெட்டுப்போகும் படம் மிகக் குறைவு.

இப்போது ஏன் டிஎஸ்எல்ஆர்?

கெனன், நிக்கோன் இரண்டு கம்பனிகளும் 2020க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் மாதிரி எதையும் கொண்டுவரவில்லை. இரண்டும் மிரர்லெஸ், அதாவது உள்ளே அந்தக் கண்ணாடி இல்லாத, கமராக்களின் பக்கம் போய்விட்டன. கலியாண வீடுகளில் படம் எடுக்கிறவர்களும் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் மாறுவதால், அவர்களுடைய பழைய பொடிகளும் லென்ஸ்களும் விற்பனைக்கு வருகின்றன. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியபோது புதுக் கமராக்கள் எட்டாத உயரத்துக்குப் போனதை எல்லோரும் பார்த்தோம். பாவித்த டிஎஸ்எல்ஆர்தான் இன்னும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது.

லென்ஸும் தாராளமாகக் கிடைக்கும். கெனனின் இஎஃப் மவுண்ட், அதாவது லென்ஸ் பூட்டும் அமைப்பு, 1987இல் வந்தது. நிக்கோனின் எஃப் மவுண்ட் 1959இலிருந்து இருக்கிறது. அத்தனை வருடங்களில் செய்த லென்ஸ்கள் இன்னும் கை மாறிக்கொண்டே இருக்கின்றன.

பேட்டரியும் ஒரு காரணம். டிஎஸ்எல்ஆரில் கண்ணாடி வழியாகவே காட்சியைப் பார்ப்பதால் மின்சாரம் குறைவாகத்தான் போகும். நிக்கோன் டி3500இல் ஒரு சார்ஜுக்கு 1,550 படங்கள் என்று கம்பனியே கணக்குச் சொல்கிறது. இரவில் சிவனொளிபாத மலை ஏறிக் காலையில் சூரிய உதயம் எடுக்கப் போகிறவருக்கு இது பெரிய உதவி.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நீங்கள் முக்கியமாக எடுக்கப் போவது வீடியோ என்றால் மிரர்லெஸ் பக்கம் பாருங்கள். டிஎஸ்எல்ஆரில் வீடியோவுக்குத் தோதான மாதிரிகள் சிலதான்.

முதல் வேலை: என்ன எடுக்கப் போகிறீர்கள்?

இந்தக் கேள்விக்கு ஒரு தாளில் பதில் எழுதிவிட்டுக் கடைக்குப் போங்கள். ஹப்புத்தளை லிப்டன் சீட்டிலிருந்து தெரியும் தேயிலை மலைகளா? தெமோதர ஒன்பது வளைவுப் பாலத்தில் போகும் ரயிலா? கோயில் தேர்த்திருவிழா, காமன் கூத்து, சொந்தக்காரர் வீட்டுச் சடங்கு, பிறந்தநாள் போன்றவையா?

மலைக் காட்சிக்கு எந்தக் கமராவும் போதும். ஒரு முக்காலி இருந்தால் பத்து வருடப் பழைய பொடியும் அழகாக எடுக்கும். ஓடும் ரயிலுக்கு ஷட்டர் வேகம், அதாவது வெளிச்சம் உள்ளே விழும் நேரம், 1/500 வினாடியோ அதைவிடக் குறைவாகவோ வேண்டும், பகல் வெளிச்சத்தில் அதுவும் பிரச்சினையில்லை. கஷ்டம் வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும்தான். ஒற்றை பல்ப் எரியும் லயத்து அறை, விளக்கொளியில் கருவறை வாசல், இரவு முழுக்க நடக்கும் கூத்து ஆகிய இடங்களில் கமராவோடு சேர்ந்து வரும் சாதாரண லென்ஸ் தடுமாறிவிடும். ஆட்களை எடுப்பதுதான் உங்கள் ஆசை என்றால் கீழே லென்ஸ் பற்றி எழுதியிருப்பதைக் கவனமாகப் படியுங்கள்.

பணத்தைப் பிரிப்பது

கையில் இருப்பதை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். பொடிக்கும் அதோடு வரும் சாதாரண 18-55 மி.மீ. லென்ஸுக்கும் சேர்த்து 55 பங்கு. (இந்த மி.மீ. எண் கூடக் கூடக் காட்சி குறுகி, தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்.) இரண்டாவதாக ஒரு ஒளி கூடிய லென்ஸுக்கு 25 பங்கு. மிச்சம் 20இல் மெமரி கார்ட், கூடுதல் பேட்டரி, ஈரம் புகாத பெட்டி, பை. பெரும்பாலானவர்கள் 100ஐயும் பொடிக்கே கொடுத்துவிட்டு, பிறகு மெமரி கார்ட்டுக்குக் கடன் வாங்குகிறார்கள். தவணைக்குப் புதுக் கமரா எடுப்பதையும் முதல் கமராவுக்கு நான் சொல்லமாட்டேன். சீட்டுப் பணம் வரும்வரை பொறுத்து, கையிலுள்ள காசுக்குப் பாவித்ததை வாங்குவது எவ்வளவோ நல்லது. ஒரு மாதம் வேலை குறைந்தாலும் மனசுக்கு நிம்மதி இருக்கும்.

எந்தப் பொடி?

கெனனா நிக்கோனா என்று சண்டை பிடிக்கத் தேவையில்லை. உங்கள் ஊரில் யாரிடம் லென்ஸ் இரவல் கேட்கலாம் என்று பாருங்கள். அண்ணனோ டவுன் ஸ்டூடியோக்காரரோ கெனன் வைத்திருந்தால் நீங்களும் கெனன் வாங்குங்கள். லென்ஸ் இரவல் கிடைப்பதும், பக்கத்தில் நின்று சொல்லித்தர ஓர் ஆள் இருப்பதும் பெரிய இலாபம்.

கெனனில் நான் முதலில் தேடச் சொல்வது 200டி. 2017இல் வந்தது, 24 மெகாபிக்சல், திரை எல்லாப் பக்கமும் திரும்பும், திரையைப் பார்த்து எடுக்கும்போதும் ஃபோகஸ் வேகமாகப் பிடிக்கும். வெளி மைக் செருகும் இடமும் இருப்பதால் கொஞ்சம் வீடியோ எடுக்கிறவர்களுக்கும் ஏற்றது. அந்த விலைக்குப் பணம் போதாவிட்டால் 2013இல் வந்த 700டி. 18 மெகாபிக்சல்தான், ஆனால் சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்க அதுவே போதும். 1300டி, 1500டி இரண்டும் எளிய கமராக்கள். விலை குறைவாக இருந்தால் வாங்கலாம். 3000டியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். லென்ஸ் பூட்டும் வளையமே பிளாஸ்டிக்கில் செய்தது, அடிக்கடி லென்ஸ் மாற்றுகிறவருக்கு அது சரிவராது.

பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. ஒரே கமரா நாட்டுக்கு நாடு வேறு பெயரில் வரும். மத்திய கிழக்கிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ கொண்டுவந்த 2000டியும் இங்கே விற்கும் 1500டியும் ஒன்றுதான். ஜப்பானிலிருந்து வருபவற்றில் ‘கிஸ்’ என்று எழுதியிருக்கும். கிஸ் எக்ஸ்7ஐ என்பது 700டி, கிஸ் எக்ஸ்9 என்பது 200டி. ஜப்பான் கமராவாக இருந்தால் மெனுவை ஆங்கிலத்துக்கு மாற்ற முடிகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

நிக்கோனில் டி3300, டி3400, டி3500 மூன்றும் 24 மெகாபிக்சல், எடையும் குறைவு. டி3500 பேட்டரியோடு 415 கிராம்தான். திரும்பும் திரை வேண்டுமென்றால் டி5300. ஆனால் நிக்கோனில் முக்கியமான ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். டி3000, டி5000 வரிசைப் பொடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் லென்ஸில் இருக்க வேண்டும். லென்ஸில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 50 மி.மீ. 1.8டி லென்ஸை வாங்கினால் ஒவ்வொரு படத்துக்கும் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கும். ஏஎஃப்-பி லென்ஸோ டி3100, டி3200, டி5100 போன்ற பழைய பொடிகளில் ஃபோகஸ் ஆகாது. அதனால் அவற்றைவிடப் புதிய மாதிரிக்குப் போங்கள்.

லென்ஸ்: பணத்தைத் துணிந்து போட வேண்டிய இடம்

லென்ஸின் முன்பக்கத்தில் 1:1.8, 1:3.5-5.6 என்று எழுதியிருக்கும். அந்த எண் சிறிதாக இருந்தால் உள்ளே வரும் வெளிச்சம் அதிகம். 18-55 லென்ஸை 50 மி.மீ. பக்கம் வைத்தால் அந்த எண் 5.6, அதாவது எஃப் 5.6, ஆகிவிடும். எஃப் 1.8 லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. ஐஎஸ்ஓ என்பது கமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்ற எண், அது கூடினால் படம் மணல் மணலாகும். சாதாரண லென்ஸில் ஐஎஸ்ஓ 6400 கேட்கும் படத்தை இதில் 640இல் எடுக்கலாம். விளக்கொளியில் அம்மாவின் முகம் மணல் மணலாக இல்லாமல் தெளிவாக வருவது இந்த வித்தியாசத்தால்தான்.

இணையத்தில் எங்கே பார்த்தாலும் கெனன்காரருக்கு ‘50 மி.மீ. 1.8 எஸ்டிஎம் வாங்கு’ என்பார்கள். நல்ல லென்ஸ்தான், விலையும் குறைவு. ஆனால் நம் வீடுகளின் அளவையும் பார்க்க வேண்டும். இந்தக் கமராக்களின் சென்சர், அதாவது படம் பதியும் தகடு, சிறியது. அதனால் கெனனில் 50 மி.மீ. லென்ஸ் பெரிய சென்சர் கமராவின் 80 மி.மீ. போலக் குறுகலாகத்தான் காட்டும். ஓர் ஆளைத் தலை முதல் கால் வரை எடுக்க, கமராவை நெடுக்காகப் பிடித்தாலும் ஏறக்குறைய 4 மீற்றர், அதாவது 13 அடி பின்னால் போக வேண்டும். 10 அடிக்கு 12 அடி அறையில் எங்கே பின்னால் போவது? முகத்தை மட்டும், மிஞ்சினால் இடுப்பு வரை எடுக்கலாம். கோயில் முற்றத்தில், வாசலில், தோட்டத்துப் பாதையில் அதே லென்ஸ் அபாரமாக எடுக்கும்.

நிக்கோனின் 35 மி.மீ. 1.8ஜி, சிறிய சென்சருக்கான டிஎக்ஸ் வகை, இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த லென்ஸ். அதே ஆளை இரண்டரை மீற்றரில், 8 அடியில் எடுத்துவிடலாம். வீட்டு விசேஷங்கள் எடுக்கத்தான் ஆசை என்றால், டி3300 அல்லது டி5300 பொடியும் இந்த 35உம் சேர்ந்த கூட்டணியைத்தான் நான் முதலில் சொல்வேன். கெனனில் இதற்குச் சமமான மலிவு லென்ஸ் இல்லை. 24 மி.மீ. 2.8 எஸ்டிஎம் சின்ன அறைக்குச் சரியாக இருக்கும், ஆனால் 18-55ஐ அதே 24 மி.மீ.இல் வைத்தால் கிடைப்பதைவிட இரண்டு மடங்கு வெளிச்சம்தான் கூடும்.

18-55ஐ விற்றுவிட வேண்டாம். மலைக் காட்சிக்கும், கூட்டமாக நிற்கும் சொந்தங்களுக்கும் அதன் 18 மி.மீ. பக்கம்தான் கைகொடுக்கும்.

வாங்கும் நாளில் சோதிப்பது

இக்மன் போன்ற விளம்பரத் தளங்களில் பார்த்தாலும், கண்டியிலோ கொழும்பிலோ பாவித்த கமராக் கடைக்குப் போனாலும், கையில் வாங்கிச் சோதிக்காமல் காசு கொடுக்க வேண்டாம். கூரியரில் அனுப்புகிறேன், முற்பணம் போடுங்கள் என்றால் விட்டுவிடுங்கள். பகல் நேரத்தில் சந்தியுங்கள். ஒரு டோர்ச் லைட்டும் உங்கள் சொந்த மெமரி கார்ட்டும் எடுத்துப் போங்கள்.

லென்ஸிலிருந்து ஆரம்பியுங்கள். பொடியிலிருந்து கழற்றி, பின்பக்கத்திலிருந்து டோர்ச் அடித்து முன்பக்கமாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். ஓரிரண்டு தூசி இருந்தால் படத்தில் தெரியாது. சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் கிளை விட்டுப் பரவியிருந்தால் அது பூஞ்சணம். மலைநாட்டில் பாவித்த லென்ஸ்களில் இது சாதாரணமாக இருக்கும். விற்பவர் ‘துடைத்தால் போய்விடும்’ என்பார். உள் கண்ணாடியில் பிடித்த பூஞ்சணம் துடைத்துப் போகாது, லென்ஸைப் பிரித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். கண்ணாடியின் பூச்சை அது ஏற்கெனவே அரித்திருந்தால் எதுவும் செய்ய முடியாது. அப்படிப்பட்ட லென்ஸை எவ்வளவு மலிவானாலும் வாங்க வேண்டாம்.

அடுத்து லென்ஸைப் பூட்டி, எஃப் 16இல் வைத்து வெறும் வானத்தை எடுங்கள். மூடுபனி வானம் இதற்கு நன்றாகவே உதவும். படத்தைப் பெரிதாக்கினால் சென்சரில் ஒட்டியிருக்கும் தூசி கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். ஊதி எடுக்கக்கூடிய சிலவற்றுக்குக் கவலை வேண்டாம். எண்ணெய்க் கறை போலப் பெரிதாக, நிறைய இருந்தால் சுத்தம் செய்யும் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். அதே எஃப் 16இல் கடகடவென்று பத்துப் படம் எடுங்கள். ஒன்று வெளிச்சமாகவும் ஒன்று இருட்டாகவும் மாறி மாறி வந்தால் லென்ஸுக்குள் வெளிச்சத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் துவாரத் தகடுகள் ஒட்டிக்கொள்கின்றன என்று அர்த்தம்.

ஷட்டரை 1/4000 வினாடியில் வைத்து வெளிச்சமான இடத்தை எடுங்கள். படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டையாக வந்தால் ஷட்டர் தேய்ந்திருக்கிறது. பிறகு லென்ஸ் மூடியைப் போட்டு, ஐஎஸ்ஓ 800இல் சில வினாடிகள் எடுங்கள். கறுப்புக்குள் சிவப்பு, நீலப் புள்ளிகள் நிறையப் பளிச்சிட்டால் சென்சரில் கோளாறு.

எத்தனை படம் எடுத்த கமரா என்பதையும் பார்க்க வேண்டும். நிக்கோனில் எடுத்த படக் கோப்புக்குள்ளேயே அந்த எண்ணிக்கை இருக்கும். படத்தின் விவரங்களைக் காட்டும் ஏதாவது ஒரு செயலியில் பார்க்கலாம். பெரும்பாலான கெனன் பொடிகளில் கோப்பில் இருக்காது, யூஎஸ்பி வயரால் கணினியோடு இணைத்து அதற்கான மென்பொருளில்தான் பார்க்க முடியும். ஆரம்பநிலைக் கமராக்களின் ஷட்டர் ஒரு இலட்சம் படம் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. 30,000க்குள் இருந்தால் நல்லது. 60,000 தாண்டியிருந்தால் விலை நன்றாகவே குறைய வேண்டும்.

பேட்டரி வீங்கியிருக்கிறதா, ஃப்ளாஷ் எழும்புகிறதா, எல்லாப் பட்டன்களும் வேலை செய்கின்றனவா, ஸ்க்ரூக்களில் திருகிய காயம் இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். கமராவில் இருக்கும் சீரியல் இலக்கம் பெட்டியில் உள்ளதோடு பொருந்த வேண்டும். பில் எழுதும்போது அந்த இலக்கத்தையும் எழுதி வாங்குங்கள். பெட்டியும் இல்லை, பில்லும் இல்லை, காரணமும் சரியாகச் சொல்லவில்லை என்றால் திருட்டுப் பொருளாக இருக்கலாம். அந்த வம்பு நமக்கு வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும்: ஈரத்தோடு போராட்டம்

கமரா வாங்கிய அன்றே பெட்டியும் வீட்டில் இருக்க வேண்டும். காற்றில் ஈரப்பதம் 60 வீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் வளர ஆரம்பிக்கும். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் பெரும்பாலான நாட்களில் அதைவிடக் கூடத்தான் இருக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தை நனைக்கும். டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை பதுளை, பண்டாரவளைப் பக்கம் பெய்யும். ஆக, மலையின் எந்தச் சரிவில் இருந்தாலும் பெட்டி வேண்டும்.

கரண்டில் ஓடும் உலர் அலுமாரி வாங்க வசதியில்லாவிட்டால் கவலை வேண்டாம். ரப்பர் வளையத்தோடு இறுக்கமாக மூடும் சாப்பாட்டு டப்பா பெரியதாக ஒன்று, 200 கிராம் அளவுக்குச் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீற்றர் ஒன்று. இவ்வளவுதான். மீற்றரில் 40க்கும் 50க்கும் நடுவில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். 30க்குக் கீழே இறங்கினால் உள்ளே இருக்கும் மசகும் ரப்பரும் காய்ந்துபோகும். சிலிக்கா ஜெல் ஈரம் நிறைந்ததும் நிறம் மாறும். ஆரஞ்சு நிறத்தில் விற்பது பச்சையாகும், நீல நிறத்தில் விற்பது இளஞ்சிவப்பாகும். மெல்லிய சூட்டில் வறுத்தால் பழைய நிறத்துக்கு வந்துவிடும். நீல நிறத்தில் கோபால்ட் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. சமைக்கும் சட்டியில் ஒருபோதும் வறுக்க வேண்டாம், பிள்ளைகள் கைக்கும் எட்டக்கூடாது. ஆரஞ்சு வாங்குவதே நல்லது, அதற்கும் பழைய சட்டி ஒன்றைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

சிலர் கமராவை அதன் பையிலேயே பூட்டி அலுமாரிக்குள் வைத்துவிடுவார்கள். பையின் பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பூஞ்சணத்துக்கு அதைவிட நல்ல இடம் வேண்டியதில்லை. விறகு அடுப்புக்குப் பக்கத்தில் காய வைப்பதும் கூடாது. புகைக் கரி உள்ளே போய்விடும். பெட்டி அறையின் உலர்ந்த மூலையில் இருக்கட்டும், வாரத்தில் ஒரு நாளாவது கமராவை வெளியே எடுத்துப் பாவியுங்கள்.

குளிரிலிருந்து சூடான இடத்துக்குப் போகும்போது கண்ணாடியில் நீர் பூக்கும். ஏசி வேனில் கொழும்புக்கு இறங்கினாலும் இதே கதைதான். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். மழைக்கு ஒரு பொலித்தீன் பையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, ரப்பர் பட்டியால் கட்டினால் போதும். மேலே சொன்ன எந்தப் பொடியும் மழையைத் தாங்கும்படி செய்ததில்லை.

முதல் மாதத்துக்குச் சில அமைப்புகள்

டயலை ஆட்டோவிலிருந்து எடுத்துவிடுங்கள். கெனனில் ஏவி, நிக்கோனில் ஏ என்பதில் வையுங்கள். அதில் எஃப் எண்ணை நீங்கள் தேர்ந்தெடுப்பீர்கள், ஷட்டர் வேகத்தைக் கமரா பார்த்துக்கொள்ளும். ஐஎஸ்ஓவை ஆட்டோவில் வைத்து, உச்சம் 3200 என்று கட்டுங்கள். படத்தை ராவும் (பிறகு திருத்த வசதியான மூலக் கோப்பு) ஜேபெக்கும் (உடனே பகிரக்கூடிய சாதாரணக் கோப்பு) சேர்த்துச் சேமியுங்கள்.

மூடுபனியில் கமரா ஏமாந்துபோகும். வெள்ளையைப் பார்த்ததும் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் படத்தைச் சாம்பல் நிறமாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +1 ஆக்கினால் பனி பனியாகத் தெரியும். ஃபோகஸ் பிடிக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடினால், சவுக்கு மரத்தின் தண்டு, கூரையின் விளிம்பு போன்ற கறுத்த கோட்டில் பிடித்துப் பூட்டிவிட்டு எடுங்கள். ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு போனால் விடியற்காலையிலேயே நுழைந்துவிடுங்கள். காலை 9, 10 மணிக்குள் பனி ஏறி மூடிவிடும்.

கொழுந்து எடுக்கும் பெண்களை எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். எத்தனையோ சுற்றுலாப் பயணிகள் அவர்களை எடுத்துப் போகிறார்கள், ஒருவரும் படத்தைத் திருப்பிக் கொடுப்பதில்லை. நல்லதாக வந்த ஒன்றை டவுன் ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவர்கள் கையில் கொடுங்கள். நம் ஊர்க்காரர் நாமே அதைச் செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள்?

அடுத்த லென்ஸ் எப்போது?

தேர் வரும் பாதையில் தூரத்தில் நிற்க வேண்டியிருக்கிறது, குருவிகளை எடுக்க ஆசை வந்துவிட்டது என்றால் கெனனில் 55-250 எஸ்டிஎம், நிக்கோனில் 70-300 ஏஎஃப்-பி. அதற்கு முன், எடுத்த படங்களின் விவரங்களைத் திறந்து, 55 மி.மீ. எல்லையில் எத்தனை படம் முட்டி நிற்கின்றன என்று பாருங்கள். குறைவாக இருந்தால் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னாளில் மிரர்லெஸ் கமராவுக்கு மாறினாலும் இந்த லென்ஸ்கள் வீண்போகாது. கெனனின் இஎஃப், இஎஃப்-எஸ் லென்ஸ்களை அடாப்டர் போட்டு ஆர் வரிசைக் கமராக்களில் ஃபோகஸ் உட்பட எல்லா வசதியோடும் பாவிக்கலாம். நிக்கோனின் மிரர்லெஸ் கமராக்களுக்கான எஃப்டிஇசட் அடாப்டரில் ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி லென்ஸ்கள் ஃபோகஸ் ஆகும், மோட்டார் இல்லாத பழைய டி வகை ஆகாது. நிக்கோன் வாங்குகிறவர் அந்த டி வகையைத் தவிர்க்க இது இரண்டாவது காரணம்.